பைசோப்ரோலாலா, மெட்டோப்ரோலாலா, கார்வெடிலாலா?

இதயத்தின் பம்ப் பலம் குறைந்து, எக்கோ ஸ்கேனில் ஈ.எஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 40-க்குக் கீழே வந்தவர்களுக்கு டாக்டர் எழுதும் பீட்டா பிளாக்கர் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அடிப்படை வேலை மூன்றுக்கும் ஒன்று: அட்ரினலின் விரட்டும் விரட்டலிலிருந்து இதயத்தைக் காப்பது. நாடி 90-லிருந்து 65-க்கு இறங்கினால் இரு துடிப்புகளுக்கு நடுவே ஓய்வு நீள்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் அதிகம் பாய்வது அந்த ஓய்வில்தான். பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 1975-ல் ஸ்வீடன் டாக்டர்கள் துணிந்து கொடுத்துப் பார்த்த பிறகே பேச்சு மெல்ல மாறியது.

மூன்றில் அதிகம் குழப்புவது மெட்டோப்ரோலால். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் டார்ட்ரேட் அல்லது சக்சினேட் என்றிருக்கும். டார்ட்ரேட் சீக்கிரம் கரைந்து சீக்கிரம் தீரும். சக்சினேட் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்தப் பம்ப் பலவீனத்தில், அதாவது ஹார்ட் ஃபெயிலியரில், உயிர் காப்பதாக 1999-ல் நிரூபணமானது சக்சினேட்தான். 2003-ல் வெளியான காமெட் ஆய்வில் டார்ட்ரேட்டையும் கார்வெடிலாலையும் மோதவிட்டார்கள். சுமார் ஐந்து வருடத்தில் டார்ட்ரேட் பக்கம் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், கார்வெடிலால் பக்கம் 34. டார்ட்ரேட்டின் டோஸ் குறைவு என்ற முணுமுணுப்பு உண்டு, அது நியாயமும்கூட. ஆனாலும் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மாற்றிக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன்.

கார்வெடிலால் ரத்தக் குழாயையும் விரிக்கும். பிரஷர் அதிகம் உள்ளவருக்கு அது வரம். ஏற்கெனவே பிரஷர் 100-ஐத் தொட்டு நிற்பவருக்கோ, படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டும். சாப்பாட்டோடு போட்டால் மருந்து மெதுவாக ஏறும், தலைசுற்றலும் குறையும். தினம் இரண்டு வேளை என்பதால் ராத்திரி டோஸை மறப்பவர்களுக்கு ஒத்துவராது.

பைசோப்ரோலால் ஒரு வேளைதான். இதயத்தில் அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா-1 என்ற ஏற்பிகளைத்தான் முக்கியமாகப் பிடிக்கும், மூச்சுக்குழாயை அதிகம் தொடாது. நாள்பட்ட புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். கார்வெடிலால் அப்படித் தேர்ந்து பிடிப்பதில்லை. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும், இன்ஹேலரின் வேலையையும் கெடுக்கும்.

எதுவானாலும் தொடக்கம் துளிதான்: பைசோப்ரோலால் 1.25 மில்லிகிராம், கார்வெடிலால் 3.125. தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். முதல் சில வாரம் அசதி கூடலாம், கால் வீங்கலாம். ஈ.எஃப் ஏறப் பல மாதம் ஆகும்.

மாரடைப்பு வந்தும் பம்ப் பலம் குறையாதவர்கள் கதை வேறு. ஈ.எஃப் 50-க்குக் குறையாதவர்களிடம் நடந்து 2024-ல் வெளியான ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில், மரணமோ மறு மாரடைப்போ பீட்டா பிளாக்கரால் குறைந்ததாகத் தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி திரும்பும். நிறுத்துவதானாலும் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான்.