சுரங்கப் பகுதிக்கு எந்த மருத்துவ ஏற்பாடு? நான்கு கூட்டு முறைகள், ஓர் அலசல்

சத்தீஸ்கரின் பைலாடிலா, ஒடிசாவின் கியோஞ்சர் போன்ற இடங்களில் அரசும் தனியாரும் கைகோத்து மருத்துவ வசதி தரும் திட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகை தேறும்: சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனையை ஊருக்குத் திறந்துவிடுவது, நடமாடும் மருத்துவ வண்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பது, சுரங்கப் பணத்தைக் கொண்டு அரசு மருத்துவமனைக்கே ஆள் போடுவது. பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது கட்டடம் இல்லாமல் அல்ல. மாதக் கடைசியில் செவிலியருக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் சம்பளம் வராமல்தான்.

நிறுவன மருத்துவமனையில் அறுவை அரங்கு, எக்ஸ்ரே, ரத்தம் என்று எல்லாம் இருக்கும். தன் மருத்துவமனையை அப்பல்லோவின் நிர்வாகத்தில் விட்டு நடத்தும் முறைக்கு பைலாடிலாவின் பச்சேலியில் பொதுத்துறை இரும்புத் தாது நிறுவனமான என்.எம்.டி.சி. நடத்துவது நல்ல உதாரணம். விபத்துக்கும் சிக்கலான பிரசவத்துக்கும் இதை மிஞ்ச வேறு இல்லை. ஆனால் இருப்பது டவுன்ஷிப்புக்குள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி காட்டுக்குள் இருப்பவருக்கு வாசல் காவலாளியே முதல் தடை. ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமான சிகிச்சைச் செலவை 2013 கம்பெனிச் சட்டத்தின் 2 சதவீத சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்ட முடியாது. எனவே ‘ஊர் மக்களுக்கு’ என்று ஒதுக்கிய படுக்கை எத்தனை, அதில் மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று தனிப் பதிவேடு கேட்பது முதல் நிபந்தனை. கேட்காவிட்டால் அந்த ஒதுக்கீடு காகிதத்தோடு நின்றுவிடும். ஆயுஷ்மான் பாரத் அட்டையை அங்கே ஏற்கிறார்களா என்பது அடுத்தது.

நடமாடும் வண்டி எல்லோருக்கும் பிடிக்கும், திறப்பு விழாவில் படமும் நன்றாக வரும். கணக்கு போட்டுப் பாருங்கள்: நாளுக்கு இரண்டு நிறுத்தம், வாரம் ஐந்து நாள் என்றால் இரண்டு வாரத்தில் இருபது ஊர். ஓர் ஊருக்கு வண்டி திரும்ப வருவது பதினான்காம் நாள். ரத்த அழுத்தக்காரருக்கு நாளுக்கு ஒன்று வீதம் பதினான்கு மாத்திரை தந்தால், மழையில் ஒரு சுற்று தவறும்போது இரண்டு வாரம் மருந்தில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை அறுந்துபோகும் இடங்களில் முப்பது மாத்திரையாகக் கொடுப்பதே சரி. இந்த வட்டாரத்தின் ஃபால்சிபாரம் மலேரியா ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. அது பதினான்காம் நாளுக்காகக் காத்திருக்காது. கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனை அட்டையும் மூன்று நாள் மாத்திரையும் ஊரில் இருக்கும் மிதானின் (சத்தீஸ்கரின் கிராம சுகாதாரப் பணியாளர்) பெண்ணிடம்தான் இருக்க வேண்டும். வண்டியின் வேலை அவருடைய கையிருப்பை நிரப்புவது.

வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் பணம் கொடுக்கும் விதம். பார்த்த நோயாளிக்கு இவ்வளவு என்று தொகை வைத்தால் சாலையோர ஊர்களில் இருமலுக்கும் உடம்பு வலிக்கும் சத்து மாத்திரை விநியோகம் கூடும், காட்டுக்குள் இருக்கும் ஊர்கள் விடுபடும். ஊதியம், டீசல், மருந்துக்கு நிலையான தொகையைக் காலாண்டுக்கு முன்பணமாகக் கொடுங்கள். மூன்றாம் முறையும் வந்து அளந்துகொண்ட ரத்த அழுத்தக்காரர்கள் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் ஒரு சிறு பங்கை நிறுத்திவையுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தொண்டு நிறுவனத்திடம் விடும் முறைக்கு கருணா டிரஸ்ட் முன்னோடி. 1996-இல் கர்நாடகத்தின் கும்பள்ளியில் தொடங்கி, பின்னர் அருணாசலப் பிரதேசத்துக்கும் போனது. இதன் பலம், மருத்துவர் அங்கேயே தங்குவது. பழங்குடி, மலைப் பகுதிக்கு 20,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி. தங்கும் ஆள் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பலவீனம், அரசுப் பணம் தாமதமாவது. முந்தைய தவணையைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வராததால் அடுத்த தவணை நிற்கும், ஆள்கள் கிளம்பிவிடுவார்கள். மூன்று மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் இருப்பாக வைத்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மாவட்ட மருந்துக் கிடங்கிலிருந்து பெறும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ‘நீங்கள் தனியார்’ என்ற பதிலோடு ஆள் திரும்புவார்.

நான்காவது, எங்கள் பார்வையில் வலுவானது: சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களுக்காக மாவட்டந்தோறும் அமைக்கும் மாவட்ட கனிம அறக்கட்டளையின் பணம். 2015 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி, 12 ஜனவரி 2015-க்கு முந்தைய குத்தகைகள் அரசுக்குச் செலுத்தும் ராயல்டியில் 30 சதவீதமும், அதன்பின் ஏலத்தில் போனவை 10 சதவீதமும் இதற்குக் கட்டுகின்றன. அந்த ஆண்டின் வழிகாட்டுதல், குறைந்தது 60 சதவீதத்தைச் சுகாதாரம், குடிநீர், கல்வி போன்றவற்றுக்கு ஒதுக்கச் சொன்னது. நிறுவனத்தின் லாபம் விழுந்தாலும் கனிமம் வெளியேறும்வரை இது வரும். சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்ட மருத்துவமனைக்குக் கூடுதல் ஊதியத்தில் சிறப்பு மருத்துவர்களைக் கொண்டுவந்தது இந்த வழியில்தான். மகப்பேறு மருத்துவர் வந்தும் மயக்க மருத்துவர் வராவிட்டால் சிசேரியன் நடக்காது. இருவரையும் ஒரே ஆணையில் நியமிப்பது நல்லது. ஆட்சியர் மாறும்போது முன்னுரிமையும் மாறி, பணம் சாலைக்கும் கட்டடத்துக்கும் நழுவுவது இதன் பலவீனம். மூன்றாண்டு ஊதியத்தை ஒரே தீர்மானத்தில் ஒதுக்கிவிட்டால் அது ஓரளவு தடுக்கப்படும்.

ஆகவே சம்பளத்துக்குக் கனிமப் பணம், கிராமத்துக்கு மிதானினும் வண்டியும், விபத்துக்கு நிறுவன மருத்துவமனை. தங்கும் மருத்துவரே கிடைக்காத ஓரிரு நிலையங்களுக்கு மட்டும் தொண்டு நிறுவனம்.

இந்த நான்கும் கைவிடும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு: சிலிக்கோசிஸ். குவார்ட்ஸ், மணற்கல் தூசியை உள்ளிழுத்து, பெரும்பாலும் பத்தாண்டு கடந்து தலைகாட்டும். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி வேறு ஊருக்குப் போயிருப்பார். எக்ஸ்ரேயைக் காசநோய் என்று படித்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது வழக்கமான தவறு. சளியில் கிருமி இல்லாமல் இருமலும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், எந்தச் சுரங்கம், எத்தனை வருடம், துளையிடும் வேலையா உடைக்கும் வேலையா என்று புறநோயாளி சீட்டிலேயே எழுதவேண்டும். சிலிக்கோசிஸ் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய் தர 2019-இல் கொள்கை வகுத்த ராஜஸ்தானைப் போன்ற இடத்தில் அந்த ஒரு வரி குடும்பத்துக்கே பணம். ஒப்பந்தம் முடியும் நாளில் வண்டி யாருடையதானாலும், இந்தச் சீட்டுகளின் பதிவேடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதுங்கள்.