இம்ஜா ட்ஸே பயணத்தில் ஏமாந்தோம்: பணம் வாங்கியவர் ஒருவர், மலைக்கு அழைத்துச் சென்றவர் வேறொருவர்

சென்ற இலையுதிர் பருவத்தில் நேபாளத்தின் கும்பு பகுதியிலுள்ள இம்ஜா ட்ஸே சிகரத்தில் ஏறுவதற்காக, வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் ஒரு குழுப் பயணத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஐலண்ட் பீக் என்ற பெயரில் பலர் அறிந்த, 6,189 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் உச்சியை எங்கள் குழுவில் இருந்த ஐவரில் ஒருவர்கூடத் தொடவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டே தவிரப் புகார் இல்லை. பாதியில் திரும்புவது மலையேற்றத்தில் வழக்கமான செய்திதான். எங்களுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை மலையில் எங்களை நடத்திச் சென்றவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதும், அதன் விளைவாக எங்களில் ஒருவர் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார் என்பதுமே என் புகார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் தொழில் செய்பவர்கள் வேறு பெயர்களிலும் இருக்கக்கூடும் என்பதால், பெயரைவிட முறையை அறிந்துகொள்வது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சிகரத்தை விற்பது எளிது. 1953-இல் எவரெஸ்ட்டுக்குச் சென்ற பிரிட்டன் குழுவினர் பயிற்சிக்காக இதில் ஏறினார்கள் என்பதைச் சொல்லியே, தொடக்க நிலையில் இருப்பவருக்கு ஏற்ற மலை என்று நம்ப வைத்துவிடலாம். போதாக்குறைக்கு, நேபாள மலையேற்றச் சங்கம் அனுமதி வழங்கும் இத்தகைய சிகரங்களுக்கு ‘ட்ரெக்கிங் பீக்’ என்றொரு வகைப்பெயர் உண்டு. அதைக் கேட்பவர் உச்சி வரை நடந்தே போய்விடலாம் என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் மேற்பகுதியில் பனியாற்றைக் கடக்க வேண்டும், பனிப்பிளவுகளைத் தாண்ட வேண்டும், அதன் பிறகு பனியில் முன்பே பொருத்திவைத்த நிலைக்கயிற்றைப் பற்றிக்கொண்டு செங்குத்தான பனிச்சுவரில் ஏற வேண்டும். எங்களுக்கு அனுப்பிய பயணத்திட்டத்தில் இவை எல்லாம் ஒரே வரியில் அடங்கியிருந்தன. ஆனாலும் அந்தத் திட்டத்தில் நான் குறை கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரு மலையேற்ற வழிகாட்டி, அவசரத்துக்கு ஆக்சிஜன், உயரத்துக்கு உடல் பழகுவதற்கான ஓய்வு நாட்கள், கயிற்றுப் பயிற்சிக்குத் தனியே ஒரு நாள், வானிலை கெட்டால் பயன்படுத்த ஒரு கூடுதல் நாள் என்று எல்லாம் முறையாகவே இருந்தன. அதை நம்பிக் கட்டணத்தில் பெரும்பகுதியை முன்பணமாக அனுப்பினோம்.

காத்மாண்டுவில் இறங்கிய இரவே முதல் உறுத்தல் ஏற்பட்டது. காத்மாண்டுவிலிருந்து, மலைநடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்கு விமானம் என்று சொல்லியிருந்தவர்கள், நள்ளிரவு கடந்ததும் வண்டியில் ஏறி ராமேசாப் மாவட்டத்திலுள்ள மந்தளி விமான நிலையத்துக்குச் செல்ல வேண்டும் என்றார்கள். நெரிசல் மிகுந்த பருவங்களில் லுக்லா விமானங்கள் பலவும் அங்கிருந்தே புறப்படுவதால், இதை மோசடி என்று சொல்ல முடியாது. முன்பே சொல்லாதது மட்டுமே அவர்கள் தவறு. அதைவிட முக்கியமான ஒன்றை அன்று நான் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டேன். எங்கள் மலையேற்ற அனுமதிச் சீட்டின் படியைக் கேட்டு வாங்கியபோது, அதில் நாங்கள் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர் இல்லை, வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, எங்கள் சகோதர நிறுவனம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த இடத்திலேயே நான் உட்கார்ந்து கேள்விகளைத் தொடர்ந்திருக்க வேண்டும்.

எங்களிடம் பணம் பெற்ற நிறுவனம் எங்களைத் தலைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைக்கு இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டிருந்தது. வாங்கியவர் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு வழிகாட்டியிடம் கொடுத்து, அதற்குள் எல்லாச் செலவையும் முடித்துக்கொள்ளுமாறு சொல்லியிருந்தார். இந்த ஏற்பாட்டில், மலையில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்த மிச்சத் தொகையிலிருந்து கழியும் பணம் என்பதை யோசித்துப் பாருங்கள். உடல் பழகுவதற்காக ஒரே ஊரில் இரண்டாம் இரவு தங்கினால் அறை வாடகை, உணவு, சுமைதூக்குபவர்களின் கூலி என்று எல்லாம் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். ஆகவே, எங்களுக்கு உயிர்காப்பாக இருந்த ஓய்வு நாட்கள் அவர்களுக்கு வீண்செலவாகத் தெரிந்தன.

3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவில் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள். எங்கள் திட்டத்திலும் நாம்சே பசாரில் இரண்டு இரவு, திங்போச்சேயில் இரண்டு இரவு, சுக்குங்கில் இரண்டு இரவு என்று சரியாகவே எழுதியிருந்தது. நடந்ததோ வேறு. 2,610 மீட்டரிலுள்ள பாக்டிங்கிலிருந்து 3,440 மீட்டரிலுள்ள நாம்சேக்கு ஒரே நாளில் ஏறிய களைப்போடு படுத்த எங்களை, மறுநாள் காலையிலேயே கிளம்பச் சொன்னார் வழிகாட்டி. மேலே காற்று வலுக்கப்போகிறது, முந்திச் சென்றால்தான் உச்சி கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். தெங்போச்சேயில் ஓர் இரவு, 4,410 மீட்டரில் திங்போச்சேயில் ஓர் இரவு, 4,730 மீட்டரில் சுக்குங்கில் ஓர் இரவு என்று ஓடி, ஒன்பதாம் இரவு தூங்க வேண்டிய 5,100 மீட்டர் அடிவார முகாமில் ஆறாம் இரவே படுக்கை விரித்தோம். அந்த வாரம் முழுவதும் வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அவர் ஒரு குறிப்பிட்ட நாளில் லுக்லாவில் அடுத்த குழுவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்பதைச் சுமைதூக்கி வந்த தம்பி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அறிந்தோம்.

அந்த வழிகாட்டியின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் முழுக்கோபமும் அவர்மேல் இல்லை. இருபதுகளின் நடுவில் இருந்த அவர், முந்தைய பயணத்துக்கான சம்பளமே இன்னும் முழுதாக வரவில்லை என்று ஒருநாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். ஐவருக்கு அவர் ஒருவரே வழிகாட்டி. உதவி வழிகாட்டி என்று அறிமுகப்படுத்தப்பட்டவர், உண்மையில் எங்கள் மூட்டைகளைச் சுமந்து வந்தவர்களில் ஒருவர். நல்லவர், வலிமையானவர், ஆனால் கயிற்றில் இன்னொருவரைக் காக்கும் பயிற்சி அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் முள்தகடு), ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பாதுகாப்பு வார்), ஜூமார் (கயிற்றைப் பற்றி ஏற உதவும் கைப்பிடி), ஹெல்மெட், இரட்டை அடுக்குப் பனிக்காலணி ஆகியவற்றைச் சுக்குங்கில் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். எனக்குக் கிடைத்த காலணி ஓர் அளவு பெரியது. இன்னொருவருக்குக் கிடைத்த கிராம்பான், குதிகாலில் பள்ளம் உள்ள காலணிக்கென்று செய்யப்பட்டது. அவருடைய காலணியிலோ அந்தப் பள்ளம் இல்லை, வாரால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த உயரத்தில் மாற்றிக் கேட்க வேறு கடை ஏது? காத்மாண்டுவிலேயே, எங்கள் கண் முன்னால், காலணியும் கிராம்பானும் பொருந்துகின்றனவா என்று மாட்டிப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் தீர்ந்திருக்கும் சிக்கல் இது. ஒரு முழுநாள் கயிற்றுப் பயிற்சி, அடிவார முகாமுக்கு அருகில் ஒரு பாறையில் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது.

அன்று மாலையிலிருந்தே எங்கள் குழுவில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணி அளவில், கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் இன்னும் மோசமானது, இருமலில் நுரை வந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் எங்கள் சொந்தக் கருவி 58 சதவீதம் என்று காட்டியது; அதே கூடாரத்தில் எனக்கு 79. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளங்கள் இவை என்பதைப் படித்திருந்ததால், ஆக்சிஜனைக் கொண்டுவரச் சொன்னேன். உருளை வந்தது. அதில் பொருத்த வேண்டிய ரெகுலேட்டரும் (வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி) முகமூடியும் வரவில்லை, அவை லுக்லாவில் இருப்பதாகச் சொன்னார்கள். காலையில் சரியாகிவிடும், தூங்கச் சொல்லுங்கள் என்றார் வழிகாட்டி. இந்த நோய்க்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். காலை வரை காத்திருப்பவர்களில் சிலர் காலையைப் பார்ப்பதில்லை.

நானும் அந்த உதவியாளரும் அவரைத் தாங்கிக்கொண்டு, தலைவிளக்கின் வெளிச்சத்தில் சுக்குங்குக்கு இறங்கினோம். பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். பின்னிரவில் எழுப்பிய விடுதிக்காரர் ஒரு சொல்லும் கேட்காமல் தன்னிடமிருந்த ஆக்சிஜனைக் கொடுத்தார். விடிந்ததும் குதிரை பிடித்து, பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் நடத்தும் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்றோம். 1973 முதல் மலையேறும் பருவங்களில் இயங்கிவரும் அந்தச் சிறிய மருத்துவமனை இல்லாவிட்டால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

மற்ற மூவரும் அன்றிரவே வழிகாட்டியோடு உச்சியை நோக்கிக் கிளம்பியிருந்தார்கள். பனியாற்றில் காலை வைத்த சிறிது நேரத்தில், வாரால் கட்டிய அந்தக் கிராம்பான் மூன்று முறை கழன்றது. அவரைத் தனியே திருப்பி அனுப்ப முடியாது, மற்ற இருவரைத் தனியே விட்டுச் செல்லவும் முடியாது. வழிகாட்டி ஒருவரே இருந்ததால் மூவரும் திரும்பினார்கள். இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற வரி எதற்காக என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

பெரிச்சேயில் மருத்துவர் நோயாளியை ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்கு அனுப்பச் சொன்னார். அது தேவையான முடிவு. ஆனால் ஹெலிகாப்டர் வந்தபோது, துணைக்கு நானும், வெறும் தலைவலியோடு இறங்கிவந்திருந்த இன்னொருவரும் ஏற்றப்பட்டோம். இடம் காலியாக இருக்கிறது, செலவு இல்லை என்றார்கள். காத்மாண்டுவில் இறங்கியதும் மூவரிடமும் தனித்தனியே படிவங்களில் கையெழுத்து வாங்கினார்கள். சில வாரங்கள் கழித்து என் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைத்து, அந்த விமானத்தில் நீங்கள் தனியாகத்தான் வந்தீர்களா என்று கேட்டபோதுதான், ஒரே பயணத்துக்கு மூன்று முழுக்கட்டணச் சீட்டுகள் மூன்று காப்பீட்டாளர்களுக்குப் போயிருந்தது தெரிந்தது. இது புதிய தந்திரமும் அல்ல. 2018-இல் நேபாள அரசு நடத்திய விசாரணையில், பயண முகவர்களும் ஹெலிகாப்டர் நிறுவனங்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து இப்படிப் பணம் பறிப்பது வெளிவந்தது. பயணிகளின் வயிற்றைக் கெடுப்பதற்காக உணவில் சோடா உப்புக் கலந்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. இதை எல்லாம் புறப்படும் முன்பே படித்திருந்தும் கையெழுத்துப் போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மீட்பு தேவைப்பட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு நாமே பேச வேண்டும். எத்தனை பேர் ஏறினோம் என்பதை நம் கைப்படப் படிவத்தில் எழுதிய பின்பே கையெழுத்திட வேண்டும்.

இனி நான் எங்கேனும் சேர்வதாக இருந்தால், அனுமதிச் சீட்டில் யார் பெயர் வரும், வழிகாட்டி யார், அவருடைய உரிமச் சான்று எங்கே, அவர் கையில் எங்கள் பயணத்திட்டத்தின் படி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்பேன். கூடுமானால் அந்த வழிகாட்டியிடமே தொலைபேசியில் பேசி, எந்த ஊரில் எத்தனை இரவு தங்கப்போகிறோம் என்று அவர் வாயால் கேட்டுக்கொள்வேன். கைமாற்றிவிடும் நிறுவனத்தால் இந்தக் கேள்விக்கு விடை தர முடியாது, ஏனென்றால் யார் வரப்போகிறார் என்பதே கடைசி வாரம் வரை அவர்களுக்குத் தெரியாது. ஆக்சிஜன் உருளையை ரெகுலேட்டரோடும் முகமூடியோடும் பொருத்தி, திறந்து காட்டச் சொல்வேன். ஓய்வு நாளைக் குறைப்பதானால் குழுவினர் அனைவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வரியைச் சேர்க்கத் தயங்குபவரிடம் பணம் கட்ட மாட்டேன்.

நடக்காத நாட்களுக்கும் வராத வழிகாட்டிகளுக்கும் உரிய தொகையைத் திருப்பித் தருமாறு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதிலில், அடுத்த பருவத்தில் 6,812 மீட்டர் உயரமுள்ள அமா தப்லம் பயணத்தில் கட்டணச் சலுகை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதோடு, எங்கள் மனக்குறை தீர, இம்ஜா ட்ஸே உச்சியை அடைந்ததற்கான சான்றிதழை ஐவருக்கும் ஏற்பாடு செய்துவிடுவதாகவும் எழுதிப் பெயர்களில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி அனுப்பக் கேட்டிருந்தார்கள். பட்டியலில் முதலாவதாக இருந்தது, நாங்கள் இரவில் தாங்கிப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தவரின் பெயர்.