முதல் பூட் அமைப்புக் கருவி: தனி லாக் கோப்பா, சிஸ்லாக்கா?

லினக்ஸ் போர்டு முதன்முறை பூட் ஆகும்போது அதை அமைத்துத் தரும் கருவி, தன் செய்திகளைத் தனக்கென ஒரு லாக் கோப்பில் எழுதலாமா, சிஸ்டம் முழுவதற்குமான பொது லாக் சேவையான சிஸ்லாக்குக்கு அனுப்பலாமா? பைத்தானில் எழுதிய கருவி என்றால் இரண்டும் கைக்கெட்டும் தூரம்தான்.

அமைப்பது
தனிக் கோப்பு: ஒரே வரி.
சிஸ்லாக்: ஹேண்ட்லரின் (செய்தியை சிஸ்லாக்குக்கு அனுப்பும் பைத்தான் பகுதி) முகவரியாக டெவ் லாக் (/dev/log) சாக்கெட்டைக் கட்டாயம் கொடுங்கள். விட்டால் லோக்கல்ஹோஸ்ட்டின் (அதே கணினியின்) யுடிபி போர்ட் 514-க்குப் போகும். அங்கே கேட்க ஆளில்லையென்றால் பிழைச்செய்திகூட இல்லாமல் எல்லாம் தொலையும். ஐடென்டில் (ஒவ்வொரு செய்திக்கும் முன்னே சேரும் அடையாளம்) கருவியின் பெயரையும் முக்காற்புள்ளியையும் வையுங்கள், இல்லையேல் ஜர்னலில் (சிஸ்டம்டி எல்லா லாக்கையும் சேர்க்கும் இடம்) பெயரால் வடிகட்ட முடியாது.

தாங்குவது
தனிக் கோப்பு: ரூட் பகிர்வு படிக்க மட்டும் என ஏறியிருந்தால் கோப்பு திறக்காது, பிழையைப் பிடிக்காவிட்டால் கருவியே விழும்.
சிஸ்லாக்: அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வார் லாக்கின் (/var/log) கீழ் ஜர்னல் அடைவு இல்லையேல், சேமிப்பு அமைப்பு ஆட்டோ என்றிருக்கும்போது ஜர்னல்டி (ஜர்னலை எழுதும் சேவை) நினைவகத்தில்தான் எழுதும், ரீபூட்டில் போய்விடும்.

தேடுவது
ஜர்னலே மேல். நெட்வொர்க் வரிகளும் கருவியின் வரிகளும் ஒரே வரிசையில் கிடைக்கும்.

மேசையில் ஒரு போர்டைச் சோதிக்கத் தனிக் கோப்பு போதும். பிறர் கைக்குப் போகும் இமேஜுக்கு சிஸ்லாக், கூடவே அந்த ஜர்னல் அடைவு. எதிலும் கடவுச்சொல்லை எழுதாதீர்கள்.