12 வார எடைக்குறைப்புத் திட்டம்: ஒரு பயனாளியின் மதிப்புரை

மதுரையில் உள்ள எடைக்குறைப்பு மையம் ஒன்றில் 9,500 ரூபாய் கட்டிச் சேர்ந்த 12 வாரத் திட்டத்தைச் சென்ற மாதம் முடித்தேன். குறைகளையும் எழுதவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எனக்கு வயது 47, வங்கியில் வேலை. இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை ஓராண்டுக்கு மேலாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாள் எடை 73.6 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 96 செ.மீ., உடல் நிறை குறியீட்டெண் 30. இந்தியர்களுக்கு அந்த எண் 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்றும், பெண்களுக்குச் சுற்றளவு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். காலையில் எத்தனை இட்லி என்றுதான் அடுத்துக் கேட்பார்கள் என நினைத்திருந்த என்னிடம், உணவியல் நிபுணர், "போன வருஷம் வீட்ல என்ன நடந்தது மேடம்?" என்று கேட்டார். பிறகு, மன அழுத்தத்தை அளக்க 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். 40-க்கு எனக்கு 27 வந்தது.

இந்தத் திட்டத்தில் நான் உயர்வாக மதிப்பது அவர் கொடுத்த சிறிய நோட்டைத்தான். என்ன சாப்பிட்டோம் என்பதற்கு எதிரே, அதற்கு அரை மணி நேரம் முன்பு என்ன நடந்தது என்றும் எழுத வேண்டும். "இரவு 11.40, மிக்சர் இரண்டு கை; அம்மாவுக்குத் துணி மாற்றினேன்." "2.15, பிஸ்கட் ஆறு, அம்மா கூப்பிட்டார்." நான் அதிகம் சாப்பிடுவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தது பகலுக்கு மட்டுமே பொருந்தும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

நெருக்கடி நாள்கணக்கில் நீளும்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசால் பசியைத் தூண்டி, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைத்து, கொழுப்பை வயிற்றுப் பகுதியில் சேர்க்கத் துணைபோகிறது என்றும், தூக்கம் குறைந்தால் பசியைக் கூட்டும் கிரெலின் உயர்ந்து, போதும் என்று உணர்த்தும் லெப்டின் தாழ்கிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் எடை கூடுவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஒயிட்ஹால் ஆய்வில், பணி நெருக்கடியால் ஒல்லியான ஆண்கள் மேலும் மெலிந்தார்கள், பருமனானவர்கள் மேலும் பருத்தார்களாம். (இதே வீட்டில், இதே இரவுகளில், என் கணவர் 4 கிலோ இளைத்தார்.)

உணவுப் பட்டியலில் புதுமை எதுவும் இல்லை: இரவு உணவு ஏழரை மணிக்குள், அதில் பருப்போ முட்டையோ கட்டாயம், மிக்சர் டப்பா பரணுக்கு. ஆனால் மூன்றாம் வாரத்தில் என் தம்பியை வரவழைத்து, சனி, ஞாயிறு இரவுகளில் அம்மாவை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசி முடித்தார்கள். எடைக்குறைப்பு மையம் இதைச் செய்யும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நானே கேட்டிருந்தால் அவன் ஒப்புக்கொண்டிருப்பானா என்பது வேறு விஷயம். அதுவரை அசையாமல் இருந்த எடைமுள் அதன் பிறகே இறங்கத் தொடங்கியது.

குறைகளுக்கு வருகிறேன். பணம் கட்டும் இடத்தில், "கார்டிசாலைக் குறைக்கும்" மாத்திரை என்று 1,450 ரூபாய்க்கு ஒரு புட்டியை என்னைக் கேட்காமலேயே பில்லில் சேர்த்திருந்தார்கள். உணவியல் நிபுணர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சண்டை போட்டுத்தான் நீக்க முடிந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது, இவ்வளவு அக்கறையுடன் அளந்த மன அழுத்தத்தைத் திட்டத்தின் முடிவில் மீண்டும் அளக்காமல், எடையையும் சுற்றளவையும் மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பியதுதான். அதே 10 கேள்விகளை வீட்டில் நானே நிரப்பிப் பார்த்தேன், 19 வந்தது.

இறுதி எடை 70.2 கிலோ, சுற்றளவு 92 செ.மீ. அடுத்த 12 வாரங்களுக்கு 8,000 ரூபாய் சொன்னார்கள். நான் சேரவில்லை. நோட்டை மட்டும் விடாமல் எழுதுகிறேன். வாரத்தில் ஐந்து இரவுகள் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன.