எந்த வஞ்சிரம் என்று பக்கக்கோடு சொல்லும்

மீன் கடையில் அரை மீட்டர் நீளத்தில் ஒரு வஞ்சிரம் கிடக்கிறது. அது நன்கு முதிர்ந்த புள்ளி வஞ்சிரமாக இருக்கலாம். ஒருமுறைகூட முட்டையிடாத பட்டை வஞ்சிரமாகவும் இருக்கலாம். முன்னது (ஸ்காம்பெரோமோரஸ் குட்டாட்டஸ்) முக்கால் மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். பின்னது (கம்மர்சன்) 2 மீட்டருக்கு மேலும் வளரும். அதனால்தான் இரண்டையும் பிரித்தறிவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எல்லோரும் முதலில் பார்ப்பது உடம்பில் உள்ள குறிகளை. கம்மர்சனுக்கு மேலிருந்து கீழாக மெல்லிய பட்டைகள். குட்டாட்டஸுக்கு வரிசை வரிசையாகப் புள்ளிகள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கம்மர்சனின் பட்டைகள் வயிற்றுப் பக்கம் உடைந்து புள்ளி போலவே தெரியும். மீன் ஐஸில் கிடந்து நிறம் மங்கிவிட்டால் அதுவும் போச்சு.

நான் நம்புவது பக்கக்கோட்டைத்தான். செவுளுக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடும் கோடு அது. கம்மர்சனில் இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே சட்டென்று கீழிறங்கும். குட்டாட்டஸில் அப்படி மடிப்பே இருக்காது. மெதுவாகச் சரிந்து வாலை அடையும். முன்பகுதியில் அந்தக் கோட்டிலிருந்து வேர்போல நுண்ணிய கிளைகளும் பிரியும். மீனைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். நிறம் போனாலும் இது போகாது.

இன்னும் சந்தேகமா? செவுள் மூடியைத் தூக்கி முதல் வளைவைப் பாருங்கள். சீப்புப் பல் போல நிற்கும் முட்கள் கம்மர்சனில் அதிகபட்சம் 8. குட்டாட்டஸில் 8 முதல் 14 வரை. சரியாக 8 இருந்தால் மறுபடியும் பக்கக்கோடுதான் கதி.

மூன்றாவதாக லினியோலேட்டஸ் என்றொரு வகையும் உண்டு. உடம்பில் குறுங்கோடுகள் நீளவாக்கில் கிடக்கும். அதன் பக்கக்கோடும் மெதுவாகவே சரியும்.

அப்புறம், வஞ்சிரம் போலவே தோற்றமளிக்கும் வாஹூ. இதற்கும் உடம்பில் பட்டைகள் உண்டு. ஆனால் மூக்கு நீண்டு தலையில் பாதி இருக்கும். முதல் முதுகுத் துடுப்பில் 23 முதல் 27 முட்கள். வஞ்சிரத்தில் 18-ஐத் தாண்டாது. வாஹூவின் செவுள் வளைவில் அந்தச் சீப்பு முட்களே கிடையாது. இதன் பக்கக்கோடும் சட்டென்று இறங்கும், ஆனால் முதல் துடுப்பின் நடுவுக்குக் கீழேயே. துண்டு போட்டுவிட்டால் இதில் எதையும் பார்க்க முடியாது. அதனால் முழு மீனாகப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

அரை மீட்டர் மீனில் இரண்டாம் துடுப்பின் முடிவில் கோடு சட்டென்று இறங்கியிருந்தால் நான் வாங்குவதில்லை.