ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ‘புதிய’ கைபேசி: வேலைக்குப் போன் தேடுவோர் கவனத்திற்கு

பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூருக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கடந்த மார்ச் மாதம் 19,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கைபேசி புதியதே அல்ல என்பதும், புதியதாக இருந்திருந்தாலும் என் வேலைக்கு அது உதவியிருக்காது என்பதும் மூன்று வாரங்களில் எனக்குத் தெரியவந்தன. முதலாவது, கடைக்காரர் செய்த மோசடி. இரண்டாவதில் என் பங்கே அதிகம். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாணயமாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பழைய போன் சார்ஜ் ஏறாமல் நின்றபோது, எங்கள் சைட் என்ஜினியர் தாம் வைத்திருந்த மாடலின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை பெருங்குடியில் பறக்கும் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தே போனோம். நடைபாதைக் கடையில் வாங்கினால்தான் ஏமாறுவோம் என்ற நினைப்பில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடையாகப் பார்த்து நுழைந்தோம். கம்பெனிச் சட்டை போட்டிருந்த ஒரு பையன், “அந்த மாடல் ஸ்டாக் இல்ல சார், இது அதோட அண்ணன்” என்று வேறொரு பெட்டியை எடுத்து வைத்தான். குறிப்பிட்ட கம்பெனியின் போன்களை விற்பதற்கென்றே கடைகளில் நிற்கும் இத்தகைய பையன்களுக்கு, எந்த மாடலைத் தள்ளிவிட வேண்டுமோ அந்த மாடலுக்குத்தான் ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன். 108 மெகாபிக்சல் கேமரா, 16 ஜி.பி. ராம், இரு ஓரங்களிலும் வளைந்து இறங்கும் திரை என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெட்டியைப் பிரிக்கும்போது அக்கா மகன், “மாமா, இந்த சீல் ரெண்டாவது தடவை ஒட்டின மாதிரி இருக்கே” என்று மெதுவாகச் சொன்னான். சின்னப் பையன் ஏதோ சொல்கிறான் என்று நான்தான் அவனை அடக்கினேன். பில் கேட்டபோது, ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடுதலாகும் என்றார்கள். கைபேசிக்கு 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீத வரி என்பது உண்மைதான். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது என்பதால், அந்த விலைக்குக் குறைவாக நாம் பேசி முடிக்கும் தொகைக்குள்ளும் வரி அடங்கியே இருக்கிறது. இதை அப்போது அறியாத நான், மாடல் பெயரும் தொகையும் மட்டும் இருந்த ஒரு தாளை வாங்கிக்கொண்டேன். அதன் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று இருந்தது. பணத்தைக் கியூ.ஆர். கோடு வழியாகச் செலுத்தியபோது திரையில் வந்தது கடையின் பெயரல்ல, ஒரு தனி நபரின் பெயர். அதையும் பார்த்துக்கொண்டே பின் எண்ணை அழுத்தினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரூஃப் கான்கிரீட். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பி கட்டியதைச் சரிபார்த்து, கம்பிகளின் இடைவெளி தெரியும்படி டேப்பை விரித்து வைத்துப் படமெடுத்து, அவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டு ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும். இது முடிந்தால்தான் லாரியிலிருந்து கான்கிரீட்டை மேலே பம்ப் செய்ய அனுமதி கிடைக்கும். கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளத்த அந்தத் திரை, பத்தரை மணி வெயிலில் கருங்கண்ணாடியாகிவிட்டது. சென்ட்ரிங் தகட்டின் மேல் நின்றபடி, பி.டி.எஃப். வரைபடத்தில் 150 மில்லிமீட்டரா 180 மில்லிமீட்டரா என்று படிக்க முடியாமல், தலைக்கவசத்தைக் கழற்றி நிழலாகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். போன் சூடாகச் சூடாகத் திரை தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. திரையின் வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அளவில் சொல்கிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் உச்ச நிட் கணக்கு பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதிக்குச் சிறிது நேரம் கிடைப்பது. நம்மைப் போல் வெயிலில் நிற்கிறவர்கள் கேட்க வேண்டியது, திரை முழுவதும் வெயிலில் எத்தனை நிட் வெளிச்சம் தரும் என்பதைத்தான்.

108 மெகாபிக்சல் கதையையும் சொல்கிறேன். அத்தகைய கேமராக்கள் வழக்கமான முறையில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. அதையும் வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் மேலும் சுருங்கி, டேப்பின் எண்களே தெளிவில்லாமல் போகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் எடுத்தபடி போய்ச் சேரும், அதற்கு எட்டாயிரம் ரூபாய் போனே போதும். 16 ஜி.பி. ராமில் எட்டுதான் உண்மையான ராம். மீதி எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. சேமிப்பிடமோ 128 ஜி.பி.தான், மெமரி கார்டு போடத் துளை கிடையாது. தினமும் இருநூறு படம் எடுக்கிறவனுக்கு இது எத்தனை மாதம் வரும்? விரல் ரேகை உணரி திரைக்குள் இருந்ததால், சிமென்ட்டில் காய்ந்து வெடித்த என் விரலை அது நான்கு முறைக்கு ஒரு முறைதான் ஏற்றுக்கொண்டது. வளைந்த ஓரத்திலோ உள்ளங்கை பட்டுப் பட்டு வரைபடம் தானாக நகர்ந்தது.

இவ்வளவும் என் தவறு என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், நான் பேசுவது எதிர்முனையில் கேட்கவில்லை என்று எல்லாரும் சொல்ல ஆரம்பித்தார்கள். வேளச்சேரியில் இருந்த சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் சிம் தட்டை வெளியே இழுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, “சார், இது தண்ணியில விழுந்திருக்கு” என்றார். துளைக்குள் இருக்கும் சிறு வெள்ளை ஸ்டிக்கர் நீர் பட்டால் சிவந்துவிடும், அது சிவந்திருந்தது. நீரால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேராது. மைக் பகுதியை மாற்ற 3,800 ரூபாய் ஆகும் என்றார். மார்ச் மாதத்துச் சென்னையில் ஒரு தூறல்கூட என் மேல் விழவில்லை என்று நான் வாதாடிக்கொண்டிருக்க, அவர் கணினியைப் பார்த்தபடியே, “நீங்க இதை நவம்பர்லேயே ஆக்டிவேட் பண்ணியிருக்கீங்களே” என்றார்.

நவம்பர் மாதம், அடைமழைக் காலம். யாரோ ஒருவர் வாங்கி, மழையில் நனைத்து, திருப்பிக் கொடுத்த அல்லது மாற்றிக்கொண்ட போனைத்தான் துடைத்து, பெட்டியில் வைத்து, சீல் ஒட்டி எனக்கு விற்றிருக்கிறார்கள். இதை என்னால் ஊகிக்க முடிந்ததே தவிர நிரூபிக்க முடியவில்லை. ஏனென்றால் என் கையிலிருந்த தாளில், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் இல்லை. அந்த 15 இலக்க எண் பில்லில் இருந்திருந்தால், இந்தக் குறிப்பிட்ட போனை இந்தத் தேதியில் நான் வாங்கினேன் என்பதற்கு வேறு சாட்சியே தேவைப்பட்டிருக்காது. கடைக்குப் போனபோது, “இது நாங்க கொடுத்த பீஸ்தான்னு என்ன சார் ஆதாரம்?” என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொண்டார்கள். கம்பெனிச் சட்டைப் பையன் அன்று அங்கே இல்லை.

இனி யாரும் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே *#06# அழுத்தி, திரையில் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் பில்லில் எழுதும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கே ஒய் எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் இதைப் பார்க்கலாம். திருட்டுப் போனும் போலி எண்ணும் இதில் பிடிபடும். என்னுடையதைப் போன்ற போன் பிடிபடாது, ஏனென்றால் அந்த எண் அசல்தான். அதற்கு, உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று கம்பெனியின் தளத்திலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். பொறுக்காத கடையில் வாங்க வேண்டாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். அதற்குக் கடையிலிருந்து பதிலே வரவில்லை. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியதும், 3,000 ரூபாய் தருகிறோம் என்று தொலைபேசியில் பேசினார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். ஆகவே தாளின் அடியில் அச்சிட்ட அந்த வரியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. நாம் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் போட்டிருக்கிறேன். தனி நபரின் பெயருக்குப் பணம் போன வங்கிப் பதிவும், சேவை மையம் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட்டும்தான் என் பக்கத்து ஆவணங்கள்.

இடையில் வேலை நிற்காதே. இரண்டாவது போனை வேறொரு கடையில், நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் வாங்கினேன். டெமோ பீஸில் என் வரைபடத்தைத் திறந்து, வாசலில் வெயிலில் நின்று படித்துப் பார்த்தேன். பக்கவாட்டு விரல் ரேகை உணரி, தட்டைத் திரை, இரண்டு சிம்மோடு தனியாக மெமரி கார்டுத் துளை. 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. கால் டாக்ஸி ஓட்டும் என் தம்பிக்கு இதே போன் சரிவராது. டாஷ்போர்டு வெயிலில் வரைபடம் ஓட ஓடவே சார்ஜ் ஏற வேண்டும், ஹாரன் சத்தத்திலும் வழி சொல்வது கேட்க வேண்டும், கேமரா எப்படி இருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. அவனும் கடைக்குப் போகும்போது தன் பழைய ஹோல்டரையும் சார்ஜர் ஒயரையும் கையோடு எடுத்துப் போனான்.

நனைந்த போன் இப்போது அதன் பெட்டிக்குள், சிவந்த ஸ்டிக்கரோடு, பீரோவில் இருக்கிறது. அக்கா மகன் அதைத் திறந்து மைக்கைச் சரிசெய்து தருவதாக இரண்டு முறை சொல்லிவிட்டான். ஆணையத்தில் காட்டும்வரை ஒரு ஸ்க்ரூவையும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.