எஃகுத் தொட்டியா, பழைய குளிர்பதனப் பெட்டியா? வீட்டுத் தேறலுக்கு எது முதலில்

உலகம் மீட் என்று அழைக்கும் தேன்மதுவைத் தேறல் என்று சொல்லவே எனக்குப் பிடிக்கும். தெளிந்து தேறியது என்பதால் வந்த பெயர். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் அடுப்படியில் சில ஆண்டுகளாகத் தேறல் போடுகிறேன். ஒன்றரைக் கிலோ தேனில் ஐந்து லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் போட்டுப் பல மாதம் காத்திருந்தால் 11, 12 விழுக்காடு மதுச்சத்தோடு ஆறு பாட்டில் கிடைக்கும். சிங்கப்பூர்ச் சுங்கத்துறை இதற்கு இடம் கொடுக்கிறது. 18 வயது நிரம்பியவர், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், சொந்தப் பயன்பாட்டுக்காக உரிமமின்றிச் செய்துகொள்ளலாம். காய்ச்சி வடிக்கக் கூடாது, விற்கவும் கூடாது.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் எதை வாங்குவது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லாருக்கும் வரும் கேள்வி. என் கனவு பல நாளாக அந்த 27 லிட்டர் எஃகுத் தொட்டிதான். அடிப்பகுதி கூம்பாக இருக்கும். அடியில் ஒரு குழாய், பக்கத்தில் ஒரு குழாய். வண்டல் கூம்பில் இறங்கியதும் கீழ்க்குழாயைத் திறந்து அதை மட்டும் வெளியேற்றிவிடலாம். தேறலை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதில்லை, காற்றுப் படாது, நிறம் மங்காது. கண்ணாடிக் குடுவையில் ரப்பர்க் குழாயை விட்டு உறிஞ்சி மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று கலக்கும், கொஞ்சம் தேறல் வீணாகும். இந்த விஷயத்தில் எஃகை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

விலைக்கு மேல் வரியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போனால் எல்லையிலேயே 9 விழுக்காடு பொருள், சேவை வரி கட்ட வேண்டும். அந்த வரி அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. தொட்டி 600 வெள்ளி, அனுப்பும் செலவு 150 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வரி 67 வெள்ளி 50 காசு. இரும்பு கனம், கப்பல் கட்டணம் அதிகம். அந்தக் கட்டணத்துக்கும் வரி என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தெம்பனிஸில் இருக்கும் நண்பர் என்னை முந்திக்கொண்டு அந்தத் தொட்டியை வாங்கிவிட்டார். நான் சிம் லிம் டவரில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும், யாரோ வீடு மாறும்போது விற்ற சிறிய குளிர்பதனப் பெட்டியும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 130 வெள்ளி. தட்டுகளைக் கழற்றிவிட்டால் ஐந்து லிட்டர்க் குடுவைகள் நான்கு உள்ளே நிற்கும்.

இருவரும் ஒரே நாளில், ஒரே தாய்லாந்து லோங்கான் தேனில், ஒரே டி47 ஈஸ்ட்டில் தொடங்கினோம். அந்த ஈஸ்ட் 20 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். அவருடைய தொட்டி சமையலறை மூலையில் நின்றது. அறையில் 30 பாகை. தொட்டியின் உடம்பில் ஒட்டிய வெப்பமானி 33 காட்டியது. நொதிக்கும் ஈஸ்ட் தானும் சூடு கக்கும் அல்லவா? அவருடைய ஏர்லாக், அதாவது வாயுவை மட்டும் வெளியே விடும் மூடி, முதல் இரண்டு நாளும் கொதிக்கும் உலைபோல் பொங்கியது. என் பெட்டிக்குள் 18 பாகை. இரவில் கதவைத் திறந்து காதை வைத்தால் நான்கு வினாடிக்கு ஒரு குமிழ் உடையும் சத்தம் கேட்கும்.

மூன்று மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தோம். அவருடையது பளிங்குபோல் இருந்தது; ஆனால் மூக்கருகில் கொண்டுபோனதும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, விழுங்கியபின் தொண்டையில் ஒரு எரிச்சல். என்னுடையதில் அடியில் மெல்லிய கலங்கல் இருந்தது, லோங்கான் பூவின் வாசனையும் இருந்தது. நண்பர் இரண்டாவது கிளாஸை வைத்துவிட்டு, "பழைய ஐஸ் பெட்டி ஜெயித்துவிட்டதே, அண்ணே!" என்றார். அவ்வளவு அழகான தொட்டியை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாகவே இருந்தது. தொட்டியின்மேல் குற்றமில்லை. அதற்குள் குளிர்நீர்ச் சுருள் பொருத்தி, அதை ஓட்ட ஒரு குளிரூட்டியும் வாங்கினால் அதுதான் ராஜா. அதற்கு இன்னொரு தொட்டியின் விலை ஆகும்.

குளிர வைக்க மலிவான வழிகளையும் பார்த்துவிட்டேன். ஈரத்துண்டு சுற்றி மின்விசிறி வைப்பது வறண்ட ஊர்களில் பலிக்கும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துண்டு காயவே காயாது, குடுவையும் குளிராது. தண்ணீர்த் தொட்டியில் குடுவையை நிறுத்திப் பனிக்கட்டிப் போத்தல்களை மாற்றி மாற்றி வைப்பது வேலை செய்கிறது. ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவருக்கு அது சரி.

செலவே இல்லாத போட்டியாளர் ஒன்று உண்டு: நார்வே நாட்டுப் பண்ணைகளின் குவைக் ஈஸ்ட். வோஸ் என்ற வகை 25 முதல் 40 பாகை வரை தாங்கும். நம் அடுப்படி அதற்குச் சொந்த ஊர்போல. சீக்கிரமே முடித்துவிடும், லேசான ஆரஞ்சுத் தோல் வாசனை தரும். குளிர்பதனப் பெட்டி வைக்க இடமில்லாத இரண்டறை வீட்டுக்காரருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த ஆரஞ்சு வாசனை மென்மையான தேன்களை மூடிவிடுகிறது. கெலுலுட் என்ற மலேசியக் கொடுக்கில்லாத் தேனீயின் தேனில் உள்ள புளிப்பையும் காட்டு வாசனையையும் காப்பாற்ற நினைப்பவருக்கு இது உதவாது. எந்த ஈஸ்ட்டாக இருந்தாலும் சத்துப்பொடியை ஒரேயடியாகக் கொட்டாமல் முதல் சில நாளில் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தேனில் நைட்ரஜன் மிகக் குறைவு. பசித்த ஈஸ்ட் கந்தக நாற்றம் விடும்.

அளவு விஷயத்திலும் எனக்குக் குடுவைதான். 27 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் மாதத்தின் 30 லிட்டர் ஏறக்குறைய ஒரே தேனில் தீர்ந்துவிடும். அந்த அளவுக்குள் நான் என் பெட்டியில் நான்கு குடுவை வைத்து நான்கு தேன்களைச் சோதிக்கலாம். பீர் போடுகிறவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர் தாராளமாகத் தொட்டி வாங்கட்டும். தேறல் போடுகிறவருக்குத் தேன்தான் எல்லாம். அது நாளுக்கு நாள் தெளிவதைக் கண்ணாடி வழியே பார்ப்பதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியை எஃகு தராது.

அடுத்த கட்டம் விற்பது. போன ஆண்டு ஒரு திருமணத்துக்கு இரண்டு டஜன் பாட்டில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தயாரிப்பு உரிமம், உணவு உரிமம், மது விற்பனை உரிமம், தொழிற்பேட்டையில் ஓர் இடம். அதற்கெல்லாம் மேல் கலால் தீர்வை. 2014 வரவு செலவுத் திட்டத்தில் 25 விழுக்காடு ஏற்றப்பட்ட பிறகு பீருக்கு ஒரு லிட்டர் தூய மதுச்சத்துக்கு 60 வெள்ளி, திராட்சை மதுவுக்கு 88 வெள்ளி. குறைந்த விகிதத்தையே எடுத்தாலும் 12 விழுக்காடு தேறல் 750 மில்லி பாட்டிலுக்கு 5 வெள்ளி 40 காசு. ஆறு பாட்டிலுக்கு 32 வெள்ளி 40 காசு. அவற்றில் ஊற்றிய தேனின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. பிறகு அந்தத் தீர்வையின்மேலும் 9 விழுக்காடு வரி.

வரி கூடாது என்று நான் சொல்லவில்லை. மதுவால் கெட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. விலை ஏறினால் குடி குறையும் என்பது நியாயமான காரணம். ஆனால் மாதம் நாற்பது பாட்டில் செய்பவருக்கும் கப்பல் கப்பலாக இறக்குபவருக்கும் லிட்டருக்கு ஒரே தொகை என்றால் சிறியவர் எப்படி முளைப்பார்? அமெரிக்காவில் 8.5 விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்ட, தேனும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த மீடை 2017ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த வரிப்படியில் வைத்தது. பிரிட்டனில் 2023 ஆகஸ்டிலிருந்து 8.5 விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்ட மது செய்யும் சிறு உற்பத்தியாளருக்குத் தள்ளுபடி இருக்கிறது. அப்படி ஒரு படி இங்கே வந்தால் நானே முதலில் வரிசையில் நிற்பேன், எஃகுத் தொட்டிக்கும் அன்றே பணம் கட்டுவேன்.

அதுவரை என் பணம் தேனுக்குத்தான். பெட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஜோகூருக்குப் போன மைத்துனர் நாளை இரண்டு கிலோ கெலுலுட் கொண்டுவருகிறார்.